படம் ஏன் மங்குகிறது? கல்யாண மேடையிலும் ஏரிக்கரையிலும் ஷார்ப்பாக எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கெட்டிமேளம் முழங்கி, அட்சதை பறந்து, நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போட்டு முடிக்க அரை நிமிடம்கூட ஆகாது. அன்று கேமராவின் பின்திரையில் பார்த்தபோது எல்லாப் படங்களும் நன்றாகவே தெரிந்தன. இரவு கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெண்ணின் கழுத்து மாலையில் ரோஜா இதழ்களை எண்ணிவிடலாம், கண்கள் மங்கல். வரிசையாகப் பதினான்கு படங்கள், பதினான்கிலும் அதே கதை. அந்த வீட்டாருக்கு அந்த நொடி இனி வராது. பல வருடங்கள் கழித்தும் எனக்கு அது உறுத்துகிறது.

லென்ஸ் சரியில்லை என்று நினைத்து, கடன் வாங்கி விலை கூடிய லென்ஸ் ஒன்று வாங்கினேன். அதிலும் பாதிப் படங்கள் மங்கின. பிறகுதான் உட்கார்ந்து, கெட்டுப்போன படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, எதனால் கெட்டது என்று எழுத ஆரம்பித்தேன். நாம் 'ஷார்ப்பா இல்ல' என்று ஒரே வார்த்தையில் சொல்வது உண்மையில் ஆறேழு தனித்தனிக் கோளாறுகள். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாது. கை ஆடியதற்கு ஃபோகஸ் முறையை மாற்றியும் பயனில்லை. ஆள் அசைந்ததற்கு ட்ரைபாட் வாங்கியும் பயனில்லை.

1. எந்த மங்கல் என்று முதலில் கண்டுபிடியுங்கள்

உங்களிடம் உள்ள மங்கிய படங்கள் இருபதை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியில் 100 சதவீத அளவில் திறங்கள். இவற்றைப் பாருங்கள்:

- சுவர், தூண் உட்பட எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருக்கிறது, சீரியல் பல்புகள் புள்ளியாக இல்லாமல் சின்னப் புழுக்களாகத் தெரிகின்றன என்றால், கை ஆடியிருக்கிறது.
- சுவரும் தூணும் கூர்மை, ஆள் மட்டும் இழுபட்டிருக்கிறார் என்றால், ஆள் அசைந்திருக்கிறார்.
- ஆள் மங்கல், ஆனால் அவருக்கு முன்னாலோ பின்னாலோ வேறு ஏதோ ஒன்று பளிச்சென்று இருக்கிறது என்றால், ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது.
- எதுவும் இழுபடவில்லை, ஆனால் படம் முழுவதும் பால் ஊற்றியதுபோல் வெளுத்து மெத்தென்று இருக்கிறது என்றால், கண்ணாடியில் அழுக்கோ ஈரமோ இருக்கிறது. இல்லாவிட்டால் மலிவான ஃபில்டர்.
- தூரத்துப் பொருளின் விளிம்பு மட்டும் நெளிந்து நெளிந்து தெரிகிறது என்றால், அது கானல்.
- தலைமுடி தனித்தனி இழையாக இல்லாமல் மெழுகு பூசியதுபோல் இருக்கிறது என்றால், போனோ கேமராவோ வெளிச்சம் குறைந்த படத்தில் வரும் புள்ளிகளை (நாய்ஸ்) நீக்குகிறேன் என்று நுணுக்கத்தையும் சேர்த்து வழித்துவிட்டது.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு காரணத்தைத் தாளில் எழுதுங்கள். இருபதில் பத்துப் பன்னிரண்டு ஒரே காரணத்தில் வந்து நிற்கும். நீங்கள் முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான். எனக்கு முதலிடத்தில் வந்தது ஆள் அசைவு, இரண்டாவது தவறான ஃபோகஸ். லென்ஸைக் குறை சொல்ல ஒரே ஒரு படம்தான் மிஞ்சியது.

2. வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்

லென்ஸின் முன்கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விரல் ரேகை ஒன்று போதும், எதிர் வெளிச்சத்தில் படம் முழுதும் வெளுத்துவிடும். துணியால் துடைப்பதற்கு முன் ப்ளோயரால் ஊதித் தூசியை அகற்றுங்கள். மணல் துகள் மேல் துணி போனால் கீறல் விழும். வேட்டி நுனி, புடவை முந்தானை, கர்ச்சீப் எதுவும் வேண்டாம்.

லென்ஸ் முன் காப்புக்காக மாட்டும் நானூறு ஐநூறு ரூபாய் யூவி ஃபில்டரைக் கழற்றி ஒரு படம், மாட்டி ஒரு படம் எடுத்து ஒப்பிடுங்கள். தூரத்தை அருகில் காட்டும் பெரிய டெலி லென்ஸில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். விளக்குகள் அதிகமுள்ள இடத்தில் அதே ஃபில்டர் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பேய் பிம்பம் காட்டும். நான் கடற்கரைக்கும் ஹோலிக்கும் மட்டும் ஃபில்டர் போடுகிறேன். மற்ற நேரம் லென்ஸ் ஹூட்தான் என் காப்பு.

வியூஃபைண்டர் பக்கத்தில் சின்னச் சக்கரம் ஒன்று இருக்கும், டயாப்டர் என்பார்கள். உள்ளே தெரியும் எழுத்துகளும் எண்களும் உங்கள் கண்ணுக்குத் தெளிவாகும்வரை அதைத் திருப்புங்கள். படத்தை அது மாற்றாது. ஆனால் உங்களுக்கே மங்கலாகத் தெரிந்தால் எது ஷார்ப் என்று எப்படி முடிவு செய்வீர்கள்?

சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. ஏசி அறையில் இரவு முழுக்கக் கிடந்த கேமராவை விடியற்காலையில் வெளியே எடுத்தால், குளிர்ந்த சோடா பாட்டில்மேல் வேர்ப்பதுபோல் லென்ஸ் வேர்க்கும். துடைத்தாலும் மறுபடி படியும். கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே பையை மூடியபடியே ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுங்கள். கண்ணாடியின் வெப்பம் வெளிக்காற்றோடு சமமான பிறகு திறந்தால் ஒரு துளி ஈரம்கூடப் படியாது.

3. ஷட்டர் ஸ்பீடு: நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

படத்தைப் பதியும் சென்சாரில் ஒளி விழும் நேரம்தான் ஷட்டர் ஸ்பீடு; 1/200 என்றால் நொடியில் இருநூறில் ஒரு பங்கு. கை ஆட்டத்துக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. லென்ஸ் 200 மி.மீ. என்றால் ஷட்டர் குறைந்தது 1/200. இது 35 மி.மீ. ஃபிலிம் காலத்துக் கணக்கு; அந்த ஃபிலிம் படத்தின் அளவே உள்ள சென்சாரைத்தான் இன்று ஃபுல் ஃபிரேம் என்கிறோம். உங்களுடையது அதைவிடச் சிறிய கிராப் சென்சார் என்றால் 1.5 ஆல் பெருக்க வேண்டும், கேனான் என்றால் 1.6. ஆக, 200 மி.மீ. லென்ஸுக்கு 1/300, கேமராவில் அதற்கு அடுத்து இருப்பது 1/320. 24 மெகாபிக்சலும் அதற்கு மேலும் உள்ள சென்சார்கள் சின்ன ஆட்டத்தையும் காட்டிக்கொடுக்கும் என்பதால், நான் அந்தக் கணக்கையும் இரட்டிப்பாக்கிக்கொள்கிறேன்.

லென்ஸிலோ பாடியிலோ ஆட்டத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் இதைத் தளர்த்தலாம். ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும் ஒரு படி. நான்கு ஸ்டாப் என்று பெட்டியில் போட்டிருந்தால், 1/320 கேட்ட இடத்தில் 1/20 போதும் என்று பொருள். பலரும் ஏமாறுவது இங்கேதான். ஸ்டெபிலைசேஷன் உங்கள் கையை மட்டும் பிடிக்கும். எதிரில் ஓடும் குழந்தையை அதனால் பிடித்து நிறுத்த முடியாது. 1/20 இல் சுவர் பளிச்சென்று வரும், குழந்தை புகையாக வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரணமாக நடப்பவர் மணிக்கு 5 கி.மீ. போகிறார், அதாவது நொடிக்கு 1.4 மீட்டர். நீங்கள் எடுக்கும் காட்சியின் அகலம் 4 மீட்டர், படத்தின் அகலம் 6000 பிக்சல். அப்படியானால் ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்றரை பிக்சல். அவர் காட்சியின் குறுக்கே நடந்தால், 1/60 நொடியில் 23 மி.மீ. நகர்ந்திருப்பார், படத்தில் 35 பிக்சல் இழுபடும். 1/250 வைத்தால் 8 பிக்சல். 1/500 இல் 4 பிக்சல். நடக்கிற ஆளுக்கே இவ்வளவு! கை வீசுவதும் தலை திரும்புவதும் உடம்பைவிட வேகம். சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்க்கும் முகம் 1/60 இல் ஒருநாளும் ஷார்ப்பாக வராது.

அதே ஆள் உங்களை நோக்கி நேராக வந்தால் இழுபடுவது மிகவும் குறைவு. வெளிச்சம் போதாத இடத்தில் இது பெரிய சலுகை. ஊர்வலத்தைப் பக்கவாட்டில் நின்று எடுக்காமல், முன்னால் போய் எதிர்கொண்டு எடுங்கள்.

நான் கையாளும் அளவுகள் இவை. உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு 1/160. சடங்கில் கை வேலை நடக்கும்போது 1/250. நடக்கிறவர்கள் 1/320 முதல் 1/500. விளையாடும் குழந்தைகள் 1/800. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் குறுக்கே போகும் பைக் நொடிக்கு 10 மீட்டர் நகரும், 1/1000 இல் அது ஒரு சென்டிமீட்டர், ஆகவே 1/2000. பறக்கும் பறவைக்கும் அதேதான், சிறிய பறவை என்றால் 1/3200.

உங்கள் கையின் எல்லையை நீங்களே அளந்துவிடுங்கள். சுவரில் நாட்காட்டியை மாட்டி, ஒரே லென்ஸில் 1/125, 1/60, 1/30, 1/15 ஒவ்வொன்றிலும் பத்துப் படம். பத்தில் எட்டு ஷார்ப்பாக வரும் அளவுதான் உங்கள் எல்லை. அது வயதுக்கும் காபிக்கும் தூக்கத்துக்கும் ஏற்ப மாறும். இரவு முழுக்க ரிசப்ஷன் எடுத்துவிட்டு, விடியற்காலை முகூர்த்தத்துக்கு நிற்கிற கை முந்தைய நாள் மாலைக் கை இல்லை.

4. அந்த வேகத்துக்கு வெளிச்சம் எங்கிருந்து வரும்?

1/60 இலிருந்து 1/250 க்குப் போனால் சென்சாருக்குக் கிடைக்கும் வெளிச்சம் கால் பங்காகும். அதை ஈடுசெய்ய, கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 800 இலிருந்து 3200 ஆக்க வேண்டும். புள்ளி புள்ளியாகத் தெரியுமே என்று தயங்குகிறவர்கள் நிறையப் பேர். நானும் தயங்கியிருக்கிறேன். புள்ளிகளைக் கணினியில் பெருமளவு குறைக்கலாம். 12×18 அங்குல ஆல்பத்தில் அச்சிட்டால் பாதி தானாகவே மறையும். இழுபட்ட முகத்தை எந்த மென்பொருளும் உள்ளபடி திருப்பித் தராது. புள்ளியோடு கூர்மையான படமா, புள்ளியில்லாத மங்கிய படமா என்றால் முதலாவதுதான், எப்போதும்.

கேமராவை மேனுவல் மோடில் வைத்து, ஷட்டரையும் அப்பெர்ச்சரையும் (லென்ஸில் ஒளி புகும் துளை) நீங்கள் நிறுத்திக்கொண்டு, ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுங்கள். மண்டபத்துக்குள் ஓர் ஓரம் பிரகாசம், ஓர் ஓரம் இருட்டு என்று மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் இதைவிட நிம்மதியான ஏற்பாடு எனக்குத் தெரியாது. அப்பெர்ச்சர் மோடில் எடுப்பவர்கள் மெனுவில் 'மினிமம் ஷட்டர் ஸ்பீடு' என்பதை 1/250 என்று பூட்டிவிடுங்கள்.

எஃப் எண் கூடக் கூடத் துளை சுருங்கும் என்பதை மனதில் வைத்து, அப்பெர்ச்சரைப் பற்றி இரண்டு விஷயம். பெரும்பாலான லென்ஸ்கள் முழுவதும் திறந்த நிலையைவிட ஓரிரு ஸ்டாப் மூடினால் கூர்மை கூடும். எஃப் 1.8 லென்ஸ் எஃப் 2.8 இல் இன்னும் நன்றாக வரையும். ஆனால் ரொம்பவும் மூடினால் எதிர்விளைவு. எஃப் 16 இல் ஒளி தன் இயல்பாலேயே விரிந்து, ஒரு புள்ளி சென்சாரில் சுமார் 21 மைக்ரான் வட்டமாக விழும். 24 மெகாபிக்சல் கிராப் சென்சாரில் ஒரு பிக்சல் சுமார் 4 மைக்ரான்தான். இயற்கைக் காட்சிக்கு எஃப் 22 வைத்தால் எல்லாம் ஷார்ப்பாகும் என்பது தவறு, எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் மங்கும். கிராப் கேமராவில் 18 மி.மீ., எஃப் 8 வைத்து இரண்டு மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தாலே, ஒரு மீட்டரிலிருந்து தொடுவானம்வரை தெளிவாக வந்துவிடும்.

5. ஃபோகஸ்: கேமராவிடம் தேர்வை விடாதீர்கள்

என் பதினான்கு படங்களுக்கு வருகிறேன். லென்ஸ் எஃப் 1.8 இல் திறந்திருந்தது. எல்லா ஃபோகஸ் புள்ளிகளும் இயங்கும் ஆட்டோ ஏரியாவில் கேமரா இருந்தது. அந்த நிலையில் கேமரா பெரும்பாலும் தனக்கு மிக அருகில், நல்ல மாறுபாட்டோடு இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். கல்யாணப் பெண்ணுக்கு முகத்தைவிட முன்னால் இருப்பது எது? மாலை. அடர் சிவப்பு ரோஜா, நடுவில் வெள்ளிச் சரிகை. கேமரா தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. கண்ணைப் பார் என்று நான் சொல்லவில்லை.

கூர்மை எவ்வளவு ஆழத்துக்குக் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டால் இந்தப் பிழை குறையும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸ், ஆள் மூன்று மீட்டர் தூரத்தில். எஃப் 2.8 என்றால் ஏறக்குறைய 20 செ.மீ. ஆழம் தெளிவாக இருக்கும். எஃப் 5.6 என்றால் 40 செ.மீ. தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் முகம் பெண்ணின் முகத்துக்கு ஓரடி பின்னால் இருக்கும். இரண்டு முகமும் வேண்டுமென்றால் எஃப் 2.8 போதாது, எஃப் 4 ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும், எஃப் 5.6 இல் நிம்மதி. அதே ஃபுல் ஃபிரேமில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை ஒரு மீட்டரில் வைத்துக் குழந்தையை எடுத்தால் கிடைப்பது நான்கே சென்டிமீட்டர். ஒரு கண் தெளிந்தால் மறு கண் மங்கும். இங்கே தலை சற்றே ஆடினாலும் போச்சு.

ஃபோகஸ் புள்ளியை நீங்களே தேர்ந்தெடுங்கள். உள்ளே கண்ணாடி (மிரர்) உள்ள பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவில் நடுப்புள்ளிதான் மங்கிய வெளிச்சத்தில் மிக நம்பகமானது. ஆனால் நடுப்புள்ளியில் பூட்டிவிட்டு, கேமராவைத் திருப்பிக் காட்சியைச் சரிசெய்யும் பழக்கம் பெரிய அப்பெர்ச்சரில் ஆபத்து. திருப்பும்போது ஃபோகஸ் தளமும் சேர்ந்து திரும்பும், கண்ணுக்குப் பதில் காது தெளியும். கண்ணுக்கு அருகில் உள்ள புள்ளியை நகர்த்தி வைத்துக்கொண்டு எடுங்கள். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்குக் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி உண்டு, நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் பெண் தலை குனிந்து, இமை மூடி, நெற்றிச்சுட்டி நிழல் விழும் நேரத்தில் அது தடுமாறும். அதற்கென்று ஒரு பட்டனில் ஒற்றைப் புள்ளியை ஒதுக்கி வைத்திருங்கள்.

அசையாத பொருளுக்கு ஒருமுறை ஃபோகஸ் செய்து பூட்டும் ஏஎஃப்-எஸ், அசைவதற்கு விடாமல் தொடரும் ஏஎஃப்-சி. கேனானில் இவற்றை ஒன் ஷாட் என்றும் செர்வோ என்றும் சொல்வார்கள். மனிதர்களை எடுக்கும்போது நான் எப்போதும் ஏஎஃப்-சிதான். உட்கார்ந்திருப்பவரும் மூச்சு விடுகிறார், முன்னும் பின்னும் ஆடுகிறார்; ஒருமுறை பூட்டி, சிரிப்புக்குக் காத்திருந்து, அழுத்துவதற்குள் நான்கு சென்டிமீட்டர் போய்விடும். கேமராவின் பின்னால் கட்டை விரலுக்கு எட்டும் ஏஎஃப்-ஆன் பட்டனுக்கு ஃபோகஸை மாற்றி, ஷட்டர் பட்டனிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். முதல் வாரம் கை தடுமாறும். பிறகு, பட்டனை அழுத்திக்கொண்டிருந்தால் தொடர் ஃபோகஸ், விட்டுவிட்டால் பூட்டிய ஃபோகஸ் என்று இரண்டும் ஒரே விரலில் வந்துவிடும்.

ஏஎஃப்-சியில் இன்னோர் அமைப்பைப் பலர் தொடுவதே இல்லை. குறுக்கே ஏதாவது வந்தால் எவ்வளவு சீக்கிரம் அதற்குத் தாவ வேண்டும் என்ற அளவு அது. அட்சதை பறக்கும் நேரத்துக்கு அதை மெதுவான பக்கம் தள்ளி வையுங்கள். பறக்கும் அரிசிக்கும், நடுவில் நீளும் மாமாவின் கைக்கும் கேமரா மயங்காது.

6. நிற்கும் விதம்

இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில், முழங்கைகள் விலாவோடு ஒட்டி, ஒரு கால் சற்று முன்னால், கேமரா நெற்றியில் பதிந்து. மூச்சைப் பாதி வெளியே விட்டு, பட்டனைக் குத்தாமல் மெல்ல அழுத்துங்கள். மூன்று நான்கு படங்கள் தொடர்ச்சியாக எடுத்தால் பெரும்பாலும் இரண்டாவதோ மூன்றாவதோதான் நன்றாக இருக்கும். முதல் படத்தில் விரலின் அதிர்ச்சி இருக்கும். தூண், கதவு நிலை, நாற்காலி முதுகு, எது கிடைத்தாலும் சாய்ந்துகொள்ளுங்கள்.

ட்ரைபாடில் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், காற்றில் அது கொடிக்கம்பம். ஈர மணலில் கால்களை நன்றாக ஊன்றிய பிறகே எடுங்கள். அலை வந்துபோனால் கால் இறங்கும். டிஎஸ்எல்ஆரில் உள்ளே இருக்கும் கண்ணாடி எழும்பும் அதிர்வு, ஷட்டர் ஏறக்குறைய 1/30 முதல் ஒரு நொடிவரை இருக்கும்போது படத்தில் தெரியும், அப்போது பின்திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவும் 2 நொடி டைமரும் போதும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில்களில் ட்ரைபாடுக்கு முன் அனுமதி கேட்பார்கள், போய் நின்ற பிறகு தெரிந்து வருந்த வேண்டாம்.

7. இடத்துக்கு ஏற்ற ஏற்பாடு

*கல்யாண மேடை.* ஹோமப் புகை உங்களுக்கும் மணமக்களுக்கும் நடுவில் எழுந்தால் எந்த லென்ஸும் வெளுக்கும். புகை சாயும் திசையைச் சடங்கு தொடங்கியதுமே பார்த்து, எதிர்ப்பக்கம் நில்லுங்கள். வீடியோக்காரரின் விளக்கு எந்தப் பக்கம் என்று பேசி வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் நல்லது. ஃப்ளாஷ் போட்டால் அதன் ஒளி மிகக் குறுகிய நேரமே இருப்பதால் அசைவு தானாக உறையும். ஆனால் மண்டபத்தின் சொந்த வெளிச்சமும் பலமாக இருந்தால், கூர்மையான முகத்தைச் சுற்றி மங்கிய நிழல் முகம் ஒன்று சேரும். ஃப்ளாஷ் போட்டாலும் 1/200 க்குக் கீழே இறங்க வேண்டாம். குடும்பப் படத்துக்கு எஃப் 11 தேவையில்லை. ஃபுல் ஃபிரேமில் 35 மி.மீ. வைத்து நான்கு மீட்டரில் நின்றால், எஃப் 4 இலேயே மூன்று மீட்டருக்கு மேல் ஆழம் கிடைக்கும். இரண்டு வரிசையும் அடங்கும். மிச்சமாகும் வெளிச்சத்தை ஷட்டருக்குக் கொடுங்கள், வரிசையில் ஒரு குழந்தையாவது அசையும்.

*மார்கழி மேடை.* பரதநாட்டியத்தில் ஜதி தீர்மானத்தில் வந்து முடியும்போது ஆடுபவர் ஒரு கணம் அப்படியே நிற்பார். அந்தக் கணத்துக்கு 1/200 போதும். தாளத்தைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தால் அது எப்போது வரும் என்று விரலுக்குத் தெரியும். குதிப்புக்கு 1/640 வேண்டும். சபாவில் ஃப்ளாஷ் கூடாது. ஷட்டர் சத்தமும் பக்கத்து இருக்கைக்காரரைத் தொந்தரவு செய்யும் என்பதால் பலர் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறுகிறார்கள். அப்போது எல்ஈடி விளக்குகள் படத்தில் கறுப்புப் பட்டைகளாக வரலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் நேரடியாக ஓடும் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/100, 1/50 இரண்டும் பாதுகாப்பு; அதற்கு மேல் போகும்போது மெக்கானிக்கல் ஷட்டருக்குத் திரும்பி, விளக்கின் துடிப்புக்கு ஏற்ப எடுக்கும் ஆன்ட்டி-ஃப்ளிக்கரை இயக்குங்கள். வேகமாக வீசும் கை எலெக்ட்ரானிக் ஷட்டரில் வளைந்து தெரிவதற்கும் தீர்வு அதுதான்.

*தேரோட்டம்.* திருவாரூர் ஆழித்தேர் மெல்ல அசைந்துதான் வரும். அதனால் ஷட்டரைக் குறைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் வடம் பிடிக்கும் கைகளும் முகங்களும்தானே படம்? அவர்கள் எம்பி எம்பி இழுக்கிறார்கள், கூட்டம் உங்களையும் இடிக்கிறது. 1/500, எஃப் 8. சித்திரை, பங்குனி வெயிலில் ஐஎஸ்ஓ ஒன்றும் ஏறாது.

*வேடந்தாங்கல்.* நவம்பரிலிருந்து மார்ச் தொடக்கம்வரை கூட்டம் கூட்டமாகப் பறவைகள். ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும் வக்காவும் கூடு கட்டியிருக்கும். நாம் கரையில் நின்றுதான் எடுக்க வேண்டும், தூரம் அதிகம். காலையில் திறந்தவுடன் உள்ளே போய்விடுங்கள். வெயில் ஏறிய பிறகு கரைக்கும் மரத்துக்கும் நடுவில் காற்று கொதிக்க ஆரம்பிக்கும். அந்தக் கானலில் 1/4000 வைத்தாலும், லட்ச ரூபாய் லென்ஸ் வைத்தாலும் இறகு தெளியாது; ஒளி உங்களிடம் வரும் வழியிலேயே நெளிந்துவிடுகிறது. பத்து மணிக்கு மேல் தூரத்து மரங்களை விட்டுவிட்டு, கரையோரம் பக்கத்தில் வந்து அமரும் பறவைகளை எடுங்கள். குச்சியோடு திரும்பும் நாரை பெரிய உடம்பு, நிதானமான சிறகடிப்பு. 1/1600 போதும், கூட்டுக்கு இறங்கும் வழியை இரண்டு மூன்று முறை பார்த்துவைத்து அங்கே காத்திருங்கள். தூரத்துப் பறவையைப் பெரிதாகக் காட்டுவதற்காகப் படத்தை வெட்டுவதைவிட (கிராப்), கிடைக்கும் தூரத்தில் மரமும் கூட்டமுமாக எடுப்பது நல்ல படம் தரும் என்பது என் எண்ணம்.

*தனுஷ்கோடி.* அங்கே காற்றில் உப்பு இருக்கிறது. கால் மணி நேரத்தில் முன்கண்ணாடியில் மெல்லிய படலம் படிந்துவிடும். பின்திரையில் தெரியாது, வீட்டில் தெரியும். ஃபில்டர் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஊதி, ஈரத் துணியால் ஒற்றித் துடையுங்கள். லென்ஸை மாற்றவே மாற்றாதீர்கள்.

8. கையில் போன் மட்டும் இருந்தால்

முதலில் கேமரா கண்ணாடியைத் துடையுங்கள். சட்டைப்பை வியர்வையும் விரல் எண்ணெயும்தான் போன் படங்களின் பாதிக் கோளாறு. திரையில் முகத்தின்மேல் விரலை நீண்ட நேரம் அழுத்தினால் பல போன்களில் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பெரும்பாலான போன்களில் அப்பெர்ச்சர் மாறாது. வெளிச்சம் குறைந்தால் போன் ஷட்டரை மெதுவாக்கும், உங்களுக்குச் சொல்லாமலே. நைட் மோட் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது, அசையாத கோபுரத்துக்கு அருமை, ஓடும் பேரப்பிள்ளைக்கு ஆகாது. குழந்தைகளை ஜன்னலருகே வெளிச்சத்துக்கு அழைத்து வந்து எடுங்கள். புரோ மோட் இருந்தால் ஷட்டரை 1/250 க்கு நீங்களே வையுங்கள். விரலால் விரித்துப் பெரிதாக்குவதற்குப் பதில் இரண்டடி முன்னால் போங்கள்.

9. கணினியில்

கேமரா மெருகேற்றாத ரா கோப்பில் எடுத்திருந்தால் சற்றுக் கூர்மை ஏற்றுவது அவசியம், அது இயல்பாகவே மென்மையாக வரும். லைட்ரூம் மென்பொருளின் கூர்மைப் பகுதியில் ரேடியஸ் 0.8 முதல் 1 வரை. மாஸ்கிங் அளவை ஆல்ட் விசையை அழுத்தியபடி நகர்த்தினால் திரை கறுப்பு வெள்ளையாகும். வெள்ளையாகத் தெரியும் இடங்களுக்கு மட்டுமே கூர்மை போகும். கண், இமை, நகை, சரிகை மட்டும் வெள்ளையாகவும் கன்னமும் சுவரும் கறுப்பாகவும் இருக்கும்படி நிறுத்துங்கள். விளிம்புகளைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் அதிகமாகிவிட்டது.

மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தரும் ஏஐ மென்பொருள்கள் இப்போது வந்திருக்கின்றன. பறவை இறகுக்கும் கட்டடத்துக்கும் பயன்படுத்துங்கள். மனித முகத்துக்கு வேண்டாம் என்பேன். அது இல்லாத இமையை வரைகிறது, இல்லாத பல்லை வரைகிறது. பாட்டியின் முகத்தில் வேறு யாரோ வந்து நிற்பதைப் பேத்தி கண்டுபிடித்துவிடுவாள்.

12×18 அங்குலப் பக்கத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட 3600×5400 பிக்சல் வேண்டும், அதாவது 19 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். 200 டிபிஐ என்றால் 9 மெகாபிக்சலுக்குள் முடிந்துவிடும், கையில் பிடித்துப் பார்க்கும் தூரத்தில் அதுவும் நன்றாகவே இருக்கும். முழு ஆல்பத்தையும் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு பக்கத்தை அச்சிட்டுப் பாருங்கள், திரையில் சரியாகத் தெரியும் கூர்மை தாளில் சற்றுக் குறைந்து விழும்.

வீட்டாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'போட்டோ' என்று தேர்ந்தெடுத்தால் அது படத்தைச் சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். நீங்கள் எடுத்தது அப்படியே போய்ச் சேரும்.